சத்தம் ஒன்று, அர்த்தம் வேறு

1989, பிப்ரவரி 19. விடிகிற நேரம். சிங்கப்பூரிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு கோலாலம்பூரை நெருங்கிக்கொண்டிருந்தது ஒரு போயிங் 747. ஃப்ளையிங் டைகர் என்ற அமெரிக்கச் சரக்கு விமான நிறுவனத்தின் விமானம். உள்ளே நான்கு பேர். கோலாலம்பூருக்கு அப்போது சுபாங்கில்தான் விமான நிலையம். எவ்வளவு உயரத்துக்கு இறங்க வேண்டும் என்பதைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரேடியோவில் சொன்னார்கள்.

'டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ.'

சொன்னவர் மனதில் இருந்தது இரண்டு, நான்கு, பூஜ்யம், பூஜ்யம். அதாவது 2,400 அடி. கேட்டவர் காதில் முதல் 'டூ' எண்ணாக விழவில்லை. 'சென்னைக்கு', 'மதுரைக்கு' என்கிறோமே, அந்த 'க்கு'வாக விழுந்தது. 400 அடிக்கு இறங்கு! 'ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ' என்று விமானி பதில் சொன்னார். அந்தப் பதிலில் ஒரு 'டூ' குறைகிறதே என்று மறுமுனையில் யாரும் திருத்தவில்லை. விமானம் மலைச் சரிவில் மோதியது. நான்கு பேரும் இறந்தார்கள்.

விபத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. தரை நெருங்குகிறது என்று விமானத்தின் எச்சரிக்கைக் கருவி கத்தியதை விமானிகள் பொருட்படுத்தவில்லை. ஆனால் தொடக்கம் அந்த ஒரு சின்னச் சொல். 'டிசெண்ட் அண்ட் மெயின்டெய்ன் டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்' என்று முறைப்படி சொல்லியிருந்தால் குழப்பத்துக்கே இடமில்லை. 'தௌசண்ட்' என்ற சொல் வந்துவிட்டால் முன்னால் இருக்கும் 'டூ' எண்ணாக மட்டும்தானே இருக்க முடியும்?

ஆங்கிலத்தில் டூ என்று ஒலிக்கும் சொற்கள் மூன்று. ஒன்று எண். இன்னொன்று 'க்கு'. மூன்றாவது, 'கூட' என்றும் 'ரொம்ப அதிகம்' என்றும் பொருள் தரும் டூ; அதில் இரண்டு 'ஓ' வரும். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக் கொடுக்கும்போது யாரும் உயிர்போகிற விஷயமாகச் சொல்வதில்லை. கோடிட்ட இடத்தை நிரப்புக, அரை மார்க். அவ்வளவுதான்.

விமானத் துறைக்காரர்களுக்கு இது அரை மார்க் சமாசாரம் இல்லை என்பது நெடுநாளாகவே தெரியும். அதனால்தான் ரேடியோவில் அவர்கள் எண்களைச் சொல்லும் விதமே வேறு. ஒன்பதுக்கு 'நைன்' கிடையாது, 'நைனர்'. இரைச்சலில் நைனும் ஃபைவும் ஒன்றுபோலக் கேட்கும். ஐந்தை 'ஃபைஃப்' என்பார்கள், மூன்றை 'ட்ரீ', நான்கை 'ஃபோவர்'. எழுத்துகளுக்கு ஆல்ஃபா, பிராவோ, சார்லி. பி, சி, டி, ஈ, ஜி, வி எல்லாம் ஒரே வாலோடு முடிவதால் வந்த ஏற்பாடு இது. நம் வீடுகளில் கேஸ் புக் பண்ணும்போது 'பி ஃபார் பாம்பே, டி ஃபார் டெல்லி' என்று கத்துகிற தாத்தாக்கள் செய்வதும் இதே காரியம்தான். பாம்பே மும்பையாகிப் பல வருஷம் ஆகியும் போனில் மட்டும் அது பாம்பேயாகவே இருக்கிறது.

அப்படியானால் ஆங்கிலம் பேசுகிறவர்கள் தினமும் தடுமாறிக்கொண்டா இருக்கிறார்கள்? இல்லை. சூரியனும் 'ஸன்', மகனும் 'ஸன்'. 'என் ஸன் ப்ளஸ் டூ படிக்கிறான்' என்றால் யாரும் வானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் சொற்கள் கையைப் பிடித்து வழிகாட்டிவிடுகின்றன. சிக்கல் வருவது, அந்தத் துணைச் சொற்கள் இல்லாத இடத்தில். ரேடியோ, போன், மருந்துச் சீட்டு. இன்னொரு இடமும் உண்டு. எழுத்து! அங்கே காது உதவிக்கே வராது.

இவ்வளவு ஒரே ஒலிச் சொற்கள் எப்படி வந்தன என்பதே ஒரு கதை. இவற்றில் பல, பழைய ஆங்கிலேயர் வாயில் வேறு வேறாகத்தான் ஒலித்தன. குதிரை வீரனைக் குறிக்கும் 'நைட்'டின் தலையில் ஒரு 'கே' சும்மா உட்கார்ந்திருக்கிறதே, ஒரு காலத்தில் அதையும் உச்சரித்தார்கள். இரவைக் குறிக்கும் நைட்டில் அது இல்லை. ஷேக்ஸ்பியர் காலத்தில் பலர் வாயில் மாமிசமான 'மீட்' ஏறக்குறைய 'மேட்' என்று ஒலித்தது. சந்திப்பு மட்டும் 'மீட்'. 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தின் முதல் அச்சுக்கூடத்தை வெஸ்ட்மின்ஸ்டரில் வைத்தார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டு உறைய ஆரம்பித்தது. உச்சரிப்போ அதைப்பற்றிக் கவலைப்படாமல் தன்பாட்டுக்கு மாறிக்கொண்டே போனது. எழுத்து பழைய வீட்டிலேயே தங்கிவிட, ஒலி புது வீட்டுக்குக் குடிபோய்விட்ட கதை.

நமக்கு இது புதிதா என்ன? 'கரி'யும் 'கறி'யும் இன்று பெரும்பாலான ஊர்களில் ஒன்றாகத்தான் கேட்கின்றன. எழுத்து மட்டும் பழைய வேறுபாட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறது. கன்னியாகுமரிப் பக்கம் போனால் அந்த 'ற' தனியாகக் காதில் விழும். வலியும் வழியும் வளியும் படுகிற பாடு தனிக் கதை. 'வளி தாங்க முடியலை டாக்டர்' என்று வாட்ஸ்அப்பில் எழுதினால் காற்றுத் தொல்லைக்கு மருந்து கிடைத்தாலும் கிடைக்கலாம்.

இனி எழுத்துக்கு வருவோம். நம் ஊரில் எந்தக் கடைத்தெருவில் நடந்தாலும் ஒரு 'ஃபேன்சி அண்ட் ஸ்டேஷனரி' பலகை கண்ணில் படும். பேப்பர், பேனா, கவர் விற்கிற ஸ்டேஷனரிக்குக் கடைசிப் பகுதியில் 'ஈ' வர வேண்டும். 'ஏ' போட்டு எழுதினால் 'அசையாமல் நிற்பது' என்று பொருள். என்வலப்புக்கு முதல் எழுத்து ஈ, கவர் விற்கும் கடைக்கும் ஈ என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். 'ஏ' போட்ட பலகைகள் தமிழ்நாட்டில் எவ்வளவோ. அவர்கள் சொல்வதும் உண்மைதான், கடை எங்கும் நகரப் போவதில்லை!

இதில் ஒரு வேடிக்கை. சரித்திரத்தைப் புரட்டினால், தப்பாக எழுதியவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் புத்தகமும் காகிதமும் பெரும்பாலும் ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்கப்பட்டன. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் நிலையாகக் கடை போட்டவரை 'ஸ்டேஷனர்' என்றார்கள், நிலையாக நிற்கிறவர் என்ற அர்த்தத்தில். லண்டனில் இந்தத் தொழில்காரர்களின் சங்கத்துக்கு 1557-இல் அரச சாசனமே கிடைத்தது. ஸ்டேஷனர் விற்ற சாமான் ஸ்டேஷனரி. நிற்பதும் விற்பதும் ஒரே வேரில் வந்த சொற்கள். பிறகு ஓர் எழுத்தால் பாகம் பிரித்துக்கொண்டார்கள்.

சமையலறையிலும் இப்படி ஒரு ஜோடி உண்டு. பூவும் 'ஃப்ளவர்', மாவும் 'ஃப்ளவர்'. கோதுமையை அரைத்துச் சலித்ததில் மிக உயர்ந்த பகுதியைத் தானியத்தின் 'பூ' என்றார்கள். அந்தப் பூதான் மாவானது. 18-ஆம் நூற்றாண்டிலும் இரண்டையும் ஒரே எழுத்துக்கூட்டில் எழுதியவர்கள் இருந்தார்கள். இன்று அப்படி எழுதி ஆன்லைனில் ஆர்டர் போட்டால் மைதாவுக்குப் பதில் ரோஜா வந்து நிற்கும்.

கல்யாணப் பத்திரிகைக்கு வருவோம். கீழே ஓரமாக 'வித் பெஸ்ட் காம்ப்ளிமென்ட்ஸ் ஃப்ரம்' என்று போட்டுச் சித்தப்பா, மாமா, அத்தை குடும்பங்களின் பெயர்களை வரிசையாகப் போடுவது நம் வழக்கம். இந்த காம்ப்ளிமென்ட்டின் நடுவில் 'ஐ' வர வேண்டும். அப்போதுதான் வாழ்த்து, பாராட்டு. 'ஈ' போட்டால், ஒன்றை நிறைவாக்கும் மற்றொன்று. 'உங்கள் சட்னி பிரமாதம்' என்று மாமியாரிடம் சொல்வது 'ஐ' போட்டது. இட்லிக்குச் சட்னி அமைவது 'ஈ' போட்டது. பத்திரிகை அச்சுக்குப் போகும்முன் பெரியப்பா பெயர் விட்டுப்போச்சா என்று நான்கு பேர் பார்ப்பார்கள். இந்த எழுத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. பெரியப்பா கோபித்துக்கொள்வார், எழுத்து கோபித்துக்கொள்ளாது என்பதால் இருக்கலாம்.

'ப்ரின்சிபல்' இரண்டு. பள்ளி முதல்வரும், வங்கிக் கடனில் அசல் தொகையும் ஒரே எழுத்துக்கூட்டு: கடைசியில் பி, ஏ, எல். 'பால்' என்றால் ஆங்கிலத்தில் தோழன். ப்ரின்சிபல் உன் தோழர் என்று குழந்தைகளுக்குச் சொல்லித் தருவார்கள். அவர்கள் நம்பமாட்டார்கள், ஆனால் எழுத்து மறக்காது. 'பி, எல், ஈ' என்று முடிந்தால் அது கொள்கை. வீட்டுக் கடனில் ஒரு பகுதியை முன்கூட்டியே கட்ட நினைக்கும் ஒருவர், அசலில் கழித்துக்கொள்ளுங்கள் என்று எழுத வேண்டிய கடிதத்தில் 'கொள்கையில் கழித்துக்கொள்ளுங்கள்' என்று எழுதினால் வங்கிக்காரர் புரிந்துகொள்வார்தான். ஆனால் கடிதத்தைப் பார்த்த உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போகும். வேலைக்கு விண்ணப்பம் போடும் இளைஞருக்கு அந்தச் சிரிப்பின் விலை அதிகம். நூறு விண்ணப்பங்களைப் பத்தாகக் குறைக்க வேண்டியவர், ஒதுக்குவதற்குத்தானே காரணம் தேடுவார்?

வார்த்தைகள் மட்டுமில்லை, தொடர்களும் இப்படி ஏமாற்றும். 'எ பார்ட்' என்று இடம் விட்டு எழுதினால் ஒரு பகுதி, ஓர் அங்கம். சேர்த்து 'அபார்ட்' என்று எழுதினால் பிரிந்து, விலகி. வாயால் சொல்லும்போது இரண்டும் ஒன்றேபோல் வழுக்கிக்கொண்டு போகும். எழுத்தில் ஒரு சின்ன இடைவெளி அர்த்தத்தைத் தலைகீழாக்கிவிடும். 'இந்த நிறுவனத்தின் அங்கமாக இருப்பதில் பெருமைப்படுகிறேன்' என்று சொல்ல வந்தவர், இடைவெளியை விழுங்கி, விலகியிருப்பதில் பெருமைப்படுவதாக எழுதி முதலாளிக்கே அனுப்பிவிடலாம். புகுந்த வீட்டு வாட்ஸ்அப் குழுவில் புது மருமகள் இப்படி எழுதினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், இடம் விட்டால் சேர்ந்திருப்பதாகப் பொருள். சேர்த்தெழுதினால் பிரிந்திருப்பதாகப் பொருள்!

'எவ்ரி டே' என்று பிரித்தால் தினந்தோறும். சேர்த்தால் அன்றாட, சாதாரணமான. 'மே பி'யைச் சேர்த்து எழுதினால் ஒருவேளை, பிரித்தால் இருக்கலாம். குட் மார்னிங்கில் ஒரு 'யூ' தவறி விழுந்தால் துக்கம் அனுஷ்டிப்பதாகிவிடும். காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூ படத்தோடு அது வந்து சேர்ந்தால் பெறுபவர் பாடு பாவம். 'பேர் வித் மீ' என்றால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பி, ஈ, ஏ, ஆர். இதையே பி, ஏ, ஆர், ஈ என்று எழுதிவிட்டால், என்னோடு சேர்ந்து ஆடையைக் களையுங்கள் என்கிற மாதிரி ஆகிவிடும். வாடிக்கையாளருக்கு அனுப்பும் மெயிலில் கவனம் தேவை.

இவற்றையெல்லாம் கம்ப்யூட்டரே திருத்திவிடாதா? பெரும்பாலும் விட்டுவிடும். எழுத்துப் பிழை பார்க்கும் வசதி, அப்படி ஒரு சொல் அகராதியில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறது. இந்தச் சொற்கள் எல்லாமே அகராதியில் ஜம்மென்று இருக்கின்றன. சிவப்புக் கோடு விழாது. இப்போது புதிதாக வந்திருப்பவை இடம் பொருள் பார்த்தும் திருத்துகின்றன, சில சமயம் சரியானதைத் தப்பாகவும். போனிடம் வாயால் சொல்லி டைப் அடிக்கிறவர்களுக்கு வேறு வழியே இல்லை. ஒலியை மட்டும் கேட்டு அது ஊகிக்கிறது. அனுப்பும்முன் ஒருமுறை கண்ணால் படிக்கத்தான் வேண்டும்.

ஆங்கிலேயருக்கே இவ்வளவு தொல்லை என்றால், நம் காதுக்குக் கூடுதலாகச் சில உண்டு. அவர்களுக்கு வேறாகக் கேட்பது நமக்கு ஒன்றாகக் கேட்கும். தமிழில் 'வ' ஒன்றுதான். அதனால் திசையைக் குறிக்கும் 'வெஸ்ட்'டும் உள்சட்டையான 'வெஸ்ட்'டும் நமக்கு ஒன்றே. முதலாவதற்கு உதட்டைக் குவிக்க வேண்டும், இரண்டாவதற்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். விலையான 'ப்ரைஸ்' இயல்பாக முடியும். பரிசான 'ப்ரைஸ்' தேனீ ரீங்காரம்போல அதிர்ந்து முடியும். ஐஸும் கண்களும் அப்படியே. 'வெயிட்டை லூஸ் பண்ணணும்' என்று நாம் சொல்வதிலும் அந்த ரீங்காரம் தேவை, எழுத்தில் ஒரே 'ஓ' போதும். இன்னொரு 'ஓ' சேர்த்தால் தொளதொளப்பு. மூன்றாவதாக ஒரு லூஸ் இருக்கிறது. அதை நாமே தயாரித்துக்கொண்டோம், ஆங்கிலேயருக்கு அது தெரியாது. மாலையில் கொறிக்க 'ஸ்நேக்ஸ்' கேட்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை: 'ஸ்நாக்ஸ்' என்று வாயைக் கொஞ்சம் அகலத் திறந்தால் பாம்பிலிருந்து தப்பலாம்.

சிரிப்பை இங்கே நிறுத்திக்கொள்ளலாம். மருந்து விஷயம் அப்படியல்ல.

வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரஸோல் மாத்திரை அமெரிக்காவில் முதலில் 'லோசெக்' என்ற பெயரில் வந்தது. ஏற்கெனவே அங்கே 'லேசிக்ஸ்' என்ற மாத்திரை இருந்தது. உடம்பில் சேரும் நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது. இதய நோயாளிகள் இருக்கும் நம் வீடுகளிலும் பலருக்குத் தெரிந்த பெயர்தான். அவசரமாகச் சொன்னாலோ கிறுக்கி எழுதினாலோ லோசெக்கும் லேசிக்ஸும் ஒன்றுபோலாகிவிட, மாற்றிக் கொடுத்த சம்பவங்கள் நடந்தன. 1990-இல் அங்கே லோசெக்கின் பெயரையே 'ப்ரைலோசெக்' என்று மாற்றினார்கள். 2016-இல் மனச்சோர்வுக்கான 'ப்ரின்டெல்லிக்ஸ்' என்ற மருந்துக்கும் அமெரிக்காவில் இதே கதி. ரத்தம் உறையாமல் காக்கும் 'ப்ரிலின்டா'வோடு குழம்பியதால் அது 'ட்ரின்டெல்லிக்ஸ்' ஆனது. ஒரு பெயரை விளம்பரம் செய்து ஊரெல்லாம் பரப்பிய பிறகு மாற்றுவது எந்தக் கம்பெனிக்கும் பிடிக்காத காரியம். ஆபத்து அவ்வளவு இருந்ததால்தான் மாற்றினார்கள்.

மருந்துக் கடையில் போய்ப் பெயரை வாயால் மட்டும் சொல்லி வாங்குகிறவர்கள் நம்மிடையே நிறைய. 'அந்த லேசிக்ஸ் கொடுங்க' என்று சொல்வதைவிட, சீட்டையோ பழைய அட்டையையோ நீட்டுவது மேல். கண்ணுக்குச் செய்யும் லேசிக் ஆபரேஷன் வேறு இருக்கிறது, அதுவும் இதே ஒலிதான். நல்லவேளை, அதைக் கடையில் விற்பதில்லை.

பெயரைவிடப் பொல்லாதது எண். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி. தர்டீன், தர்டி. சிக்ஸ்டீன், சிக்ஸ்டி. பதின்மூன்று முதல் பத்தொன்பது வரை எல்லா எண்ணுக்கும் முப்பது முதல் தொண்ணூறு வரை ஓர் இரட்டைப் பிறவி உண்டு. பதினைந்தில் அழுத்தம் கடைசி அசையில் விழும்: ஃபிஃப்-டீன். ஐம்பதில் முதல் அசையில். இதைப் பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் பின்னால் ஒரு சொல் ஒட்டியவுடன், 'ஃபிஃப்டீன் யூனிட்ஸ்' என்கிறபோது, ஆங்கிலேயர் வாயிலேயே அழுத்தம் முன்னுக்கு நகர்ந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது கடைசியில் ஒரு மெல்லிய 'ன்' மட்டும். மிக்ஸி ஓடுகிற வீட்டில் அந்த 'ன்' யார் காதில் விழும்?

அதனால்தான் மருத்துவமனைகளில் வாய்மொழியாக மருந்தளவு சொல்லும்போது 'ஃபிஃப்டீன்... ஒன் ஃபைவ்' என்று இலக்கம் இலக்கமாக மறுபடி சொல்வதும், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்வதும் பாதுகாப்பு முறையாக வலியுறுத்தப்படுகின்றன. இன்சுலின் விஷயத்தில் இது மிக முக்கியம். பதினைந்து யூனிட் போட வேண்டியவருக்கு ஐம்பது ஏறினால் ரத்தச் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். வியர்த்துக் கொட்டும், மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து. வீட்டில் ஊசி போடுவது பெரும்பாலும் மனைவி அல்லது மருமகள். டாக்டர் மாற்றிச் சொன்ன அளவு வீட்டுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் போனில்.

இப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். டாக்டரிடம் பேசிவிட்டு மகள் பெங்களூரிலிருந்து அழைக்கிறாள்.

"அம்மா, அப்பாவுக்கு டோஸ் மாத்தியிருக்கார். ராத்திரிக்கு ஃபிஃப்டீன் யூனிட்."

"எவ்வளவு? ஃபிஃப்டியா?"

"ஃபிஃப்டீன்மா, ஃபிஃப்டீன்!"

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"ஐயோ, மிக்ஸியை நிறுத்தும்மா முதல்ல. பதினஞ்சு. ஒண்ணு, அஞ்சு. திருப்பிச் சொல்லு."

"பதினஞ்சு. ஒண்ணு, அஞ்சு. காலண்டர்ல எழுதிட்டேன். இப்படித் தமிழ்லயே முதல்ல சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடி?"